மலைமேல் ஒரு புதுப் பள்ளி: திருவிழா யாருக்கு?

ஊட்டியிலும் குன்னூரிலும் நூறு வயதைத் தாண்டிய கத்தோலிக்கப் பள்ளிகள் உண்டு. அங்கே பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோருக்கு யாரும் பள்ளியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘நான் படிச்ச ஸ்கூல்’, ‘எங்க அத்தை படிச்ச கான்வென்ட்’ என்றுதான் பேச்சே தொடங்கும். புதிதாக முளைத்த தொடக்கப்பள்ளிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பெயின்ட் வாசம் போகாத சுவர், இரண்டு மூன்று சிஸ்டர்கள், வேறு வேறு பள்ளிகளிலிருந்து டி.சி. வாங்கி வந்த பிள்ளைகள், வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவருக்கொருவர் தலையசைக்கக்கூடப் பழகாத பெற்றோர். முன்னாள் மாணவர் சங்கம் இல்லை, வெள்ளி விழா மலர் இல்லை. பொதுத்தேர்வு முடிவைத் தட்டிபோர்டில் போட்டுக்கொள்ளலாம் என்றால், ஐந்தாம் வகுப்போடு நிற்கும் பள்ளிக்கு அதுவும் வாய்க்காது.

அப்படிப்பட்ட இடத்தை ‘நம்ம பள்ளிக்கூடம்’ என்று ஆட்கள் சொல்ல ஆரம்பிப்பது பெரும்பாலும் விழாக்களால்தான். கொடியேற்றம், மாதா பிறந்தநாள், குடில், பொங்கல் என்று வருடம் நகரும்போதுதான் முகம் பழகுகிறது. ஆனால் நீலகிரியில் இது அவ்வளவு சுலபமாக நடந்துவிடுவதில்லை. பெயர்தான் கத்தோலிக்கப் பள்ளி. வகுப்பில் எண்ணிப் பார்த்தால் கத்தோலிக்கப் பிள்ளைகள் சிறு பகுதியாகத்தான் இருப்பார்கள். படுகர் வீட்டுப் பிள்ளை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தின் பேத்தி, மலையாளி வீட்டுப் பையன், மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே எது பள்ளியின் விழா, எது பங்குக் கோயிலின் (அந்தப் பகுதிக் கத்தோலிக்கரின் கோயில்) விழா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த நிர்வாகம்தான் இவர்களை ஒட்டவைக்க முடியும் என்பது என் கணிப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கத்தோலிக்கருக்கும் திருப்தி இருக்காது, மற்றவருக்கும் உறுத்தும்.

இந்தக் கலவை எப்படி வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நீலகிரி மேட்டைப் பற்றி முதலில் எழுதிவைத்த ஐரோப்பியரே ஒரு சேசு சபைக் குருதான். மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் யாரோ தங்கிவிட்டார்கள் என்று மலபார் கரையில் ஒரு பேச்சு உலவியது. அதை விசாரித்துவர 1603-ல் இத்தாலியரான ஃபெனிசியோ பாதிரியார் மேலேறினார். அவர் கண்டது தோடர்களையும் படுகர்களையும். கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை, இறங்கிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் குளிர் தேடி மலையேறியபோதுதான் கதை மாறியது. கூடவே வந்த சமையல்காரர், குதிரைக்காரர், கொத்தனார், சிப்பாய்களில் தமிழ்க் கத்தோலிக்கரும் இருந்தார்கள். அவர்களுக்காகக் கோயில் வந்தது, கோயிலை ஒட்டிப் பள்ளி வந்தது.

கன்னியர் மடங்களின் கதையிலும் ஊட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. மதுரை மறைபரப்புத் தளத்தில் பணிசெய்த பிரெஞ்சுச் சகோதரிகள் சிலர் தங்கள் பழைய சபையிலிருந்து பிரிந்து 1876-ல் ஊட்டிக்கு வந்து தங்கினார்கள். அவர்கள் தனிச் சபையாக இயங்க 1877 ஜனவரி 6 அன்று ஒன்பதாம் பயஸ் அனுமதி கொடுத்தார். இன்று பல நாடுகளில் இருக்கும் மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை அப்படித்தான் இந்த மலையில் பிறந்தது. மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரித்து உதகை மறைமாவட்டம் அமைக்கப்பட்டது 1955-ல். அதன் முதல் ஆயர் அந்தோணி படியரா பின்னாளில் கர்தினாலாகி, கேரளத்தைத் தாயகமாகக் கொண்ட சீரோ மலபார் கத்தோலிக்கத் திருச்சபைக்கே தலைவரானவர்.

எண்ணிக்கையை உண்மையில் மாற்றியது தேயிலை. சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் ஒரு அலை. இன்னொரு அலை, 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தது. இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று அதில் முடிவானது. அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்றைய ‘டான்டீ’ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அதுதான். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கத்து லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மூன்றாம் தலைமுறை இப்போது பள்ளிக்குப் போகிறது. அந்தக் குடும்பங்களில் கத்தோலிக்கரும் உண்டு. சில வீடுகளில் வேளாங்கண்ணி மாதா படத்தின் பக்கத்தில் இலங்கையின் மடு மாதா படமும் மாட்டியிருக்கும். கூடலூர்ப் பக்கம் போனால் வயநாட்டுத் தொடர்புள்ள மலையாளிகள். அவர்களில் கத்தோலிக்கராக இருப்பவர்கள் பெரும்பாலும் சீரோ மலபார் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தனிக் கோயில், தனி ஆயர். ஆக, ‘கத்தோலிக்கப் பிள்ளைகள்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் கூட்டத்துக்குள்ளேயே பூசை முறை வேறு, வீட்டுமொழி வேறு, பெரிய வியாழன் இரவுப் பலகாரம் வேறு. மலையாளி வீட்டில் அன்றைக்குக் குடும்பத் தலைவர் புளிக்காத மாவில் செய்த பெசகா அப்பத்தைப் பிட்டுப் பாலோடு கொடுப்பார். தமிழ் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது.

இத்தனை பேரையும் ஒரே நாள்காட்டிக்குள் அடக்க வேண்டும். பள்ளி ஜூனில் திறக்கிறது. சமவெளிப் பள்ளிகள் வெயிலைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கும்போது இங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். நடுவட்டம், தேவாலா, கூடலூர் பக்கமெல்லாம் ஊற்றும். கல்வியாண்டின் முதல் விழா தூய ஆவித் திருப்பலி. ஜூன் திரு இருதய மாதம் வேறு. ஆனால் மாவட்ட ஆட்சியர் மழை விடுமுறை அறிவிப்பாரா என்று காலை ஆறு மணிக்கு எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பருவம் அது. அதனால் புதுப் பள்ளியின் முதல் காலைக் கூட்டங்கள் திடலில் நடப்பதில்லை. வராந்தாவில், ஸ்வெட்டரும் ஈரக் காலுறையுமாகப் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்க, தமிழ்த்தாய் வாழ்த்தும் செபமும் தகரக் கூரை மழைச் சத்தத்தோடு போட்டி போடும்.

ஆகஸ்ட் 15 இந்தியா முழுக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு வசதியான தேதி. சுதந்திர தினமும் மாதா விண்ணேற்பும் ஒரே நாளில் வருகின்றன. கொடியேற்றம் எல்லாருக்கும், பூசை வேண்டியவர் முன்னதாகவே கோயிலில் பார்த்துக்கொள்ளலாம். யாரும் திட்டமிட்டு உருவாக்காத ஏற்பாடு என்றாலும், பள்ளிக்கு எது, பங்குக்கு எது என்ற பாகுபாட்டை அந்த ஒரு நாள் தானாகவே கற்றுக்கொடுத்துவிடுகிறது. ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறும், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். இதற்கு மதம் பார்க்காமல் ஆட்கள் வருவார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்ட இந்துக் குடும்பம் இல்லாத தெரு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? புதுப் பள்ளியில் மாதா சுரூபத்துக்கு மாலை கட்டும் தாய்மாரில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமத்தோடு நிற்பதைச் சிஸ்டர்களும் இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். அன்னை தெரேசாவின் திருநாளும் அன்றே. அக்டோபரில் செபமாலை மாதம்.

அதே சமயத்தில் ஆயுத பூஜையும் வந்துவிடும். இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். பள்ளி வேனை ஓட்டுபவர் பெரும்பாலும் இந்து. மலை ரோட்டில், கொண்டை ஊசி வளைவுகளில், மூடுபனியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வண்டி அது. அதற்குச் சந்தனம் வைக்காமல் அவருக்கு மனசு கேட்காது. ‘கான்வென்ட் வண்டிக்குப் பூசணிக்காய் உடைக்கிறதா’ என்று பங்கில் யாராவது முணுமுணுப்பார்கள். இதற்கு வழக்கமாக ஒரு வழி கண்டுபிடிக்கப்படும். ஃபாதர் வந்து செபம் சொல்லி வண்டிகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். டிரைவர் மாலை வீட்டுக்குப் போகும் வழியில் தன் பூஜையை முடித்துக்கொள்வார். பொரியும் கடலையும் மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து சேரும். சட்டதிட்டம் எதுவும் எழுதிவைக்கப்படாத ஏற்பாடு.

டிசம்பர்தான் உச்சம். நெருக்கடியும் அப்போதுதான். அரையாண்டுத் தேர்வு, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி இரண்டும் ஒரே பதினைந்து நாளுக்குள் முடிய வேண்டும். டிசம்பர் கடைசியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா வரும். பேரகணி போன்ற ஊர்களுக்கு வெள்ளாடை உடுத்திக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். ஹட்டியில் (படுகர் ஊர்) விரதம் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அந்த நாட்களில் அசைவம் தொட மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சிக்கன் பிரியாணி ஏற்பாடு செய்தால், வகுப்பில் கணிசமான பிள்ளைகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். முஸ்லிம் பெற்றோருக்கு ஹலால் பற்றிய கேள்வி இருக்கும். அதனால் விவரம் தெரிந்த பள்ளிகள் பொது விருந்தை வெஜிடபிள் பிரியாணி, பாயசத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. கேக் என்றாலும் முட்டை இல்லாதது ஒன்று தனியாக வெட்டப்படும். மறையியல் நூல் எதிலும் இல்லாத சமாச்சாரம்தான். ஆனால் ஒரு பள்ளி எல்லாருக்குமானதா என்பதைப் பெற்றோர் அந்தத் தட்டை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள்.

குடில் கட்டும் வாரத்தை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரேச்சியோவில் 1223-ல் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்ததிலிருந்து தொடங்கியது இந்த வழக்கம். ஏழைகள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். நீலகிரி மேட்டில் வைக்கோல் சுலபத்தில் கிடைக்காது. கீழே கூடலூர் வயல்களிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ வர வேண்டும். அதனால் கூரைக்குக் காய்ந்த புல், பின்னணிக்குச் சைப்ரஸ் கிளை, மலைக்குச் சாக்கைச் சேற்றில் நனைத்துக் காயவைத்த முகடு. கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டைகளைக் கொண்டுவந்தால் முறுக்கிய பழைய மரங்கள்போலவே நிற்கும். எஸ்டேட் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை. வகுப்பில் வாய்திறக்காத பையன், எந்தக் கட்டை எங்கே நின்றால் சாயாது என்று மற்றவர்களை அதட்டிக்கொண்டிருப்பான். பாசிக்காகச் சோலைக்காட்டுக்குள் கை வைக்கக் கூடாது. பள்ளியின் தடுப்புச் சுவரில் மழைக்காலம் முழுக்க வளர்ந்த பாசியே தேவைக்கு மேல் இருக்கும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை நீண்ட காலமாக இருப்பதால் ஜிகினாத் தோரணத்துக்கும் வழியில்லை. வண்ணக் காகிதத்தை மடித்துக் கத்தரித்து ஒட்டுவதுதான் கதி. அதனாலேயே அதிகம் பேர் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அந்த உட்காரும் நேரத்தில்தான் எல்லநள்ளிப் படுகர் வீட்டுக்காரரும் தோட்டத்து லைன் வீட்டுக்காரரும் ஒருவர் பிள்ளையின் பெயரை மற்றவர் தெரிந்துகொள்கிறார்கள்.

நிகழ்ச்சி நேரத்தை முடிவு செய்வது கலெக்டரோ ஃபாதரோ அல்ல, யானை. கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் பொழுது சாய்ந்தால் தோட்டத்துப் பாதையில் யானை நடமாட்டம் இருக்கும். சமவெளிப் பள்ளிகளைப்போல இரவு ஒன்பது மணிவரை கலைநிகழ்ச்சி நடத்த முடியாது. பகல் ஒரு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்குள் பிள்ளைகள் வேனில் ஏறியாக வேண்டும். ஊட்டிப் பக்கம் யானைப் பயம் குறைவு. அதற்குப் பதில் உறைபனி. மெல்லிய சரிகை உடுப்பில் தேவதூதர்களை மாலை ஆறு மணிக்கு மேடையில் நிறுத்தினால், அடுத்த வாரம் பாதி வகுப்பு இருமலோடு வீட்டில் கிடக்கும். நேரம் குறைவு என்பதால் நீண்ட வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் சுருங்கும் என்று எதிர்பார்ப்போம். அது மட்டும் சுருங்குவதில்லை! குழந்தைகள் ஒப்பனையோடு காத்திருக்க, சிறப்பு விருந்தினர் கல்வியின் மேன்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். கடைசியில் ஒலிபெருக்கியில் படுகர் பாட்டு ஒலித்ததும் மேடையில் இருந்தவர், கீழே இருந்தவர், சிஸ்டர்கள், சமையலம்மா எல்லாரும் வட்டமாகக் கைகோத்து ஆடுவார்கள். நீலகிரியில் எந்த விழாவும் அது இல்லாமல் முடிவதில்லை. இயேசு பிறப்பு நாடகத்தைவிட அந்தப் பத்து நிமிடத்தில்தான் பள்ளி ஒரே குடும்பமாகத் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும்.

ஜனவரியில் பொங்கல். தை பிறக்கும் நாளை ஒட்டியே ஜனவரி 14 அன்று புனித தேவசகாயத்தின் திருநாளும் வருகிறது. 1752-ல் அந்த நாளில் கொல்லப்பட்ட அவர், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட முதல் இந்தியப் பொதுநிலையினர். பள்ளிகளில் சமத்துவப் பொங்கல் விடுமுறைக்கு முன்பே முடிந்துவிடும். அதன் பிறகு தவக்காலம், ஆண்டுத் தேர்வு. வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு முடிந்தபின் கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் சிலுவைப்பாதைக்கு இருப்பார்கள். தவக்கால உண்டியலில் காசு போடுவது மட்டும் பொது. மிட்டாய்க் காசைச் சேர்த்து ஏழைக்குக் கொடுப்பதற்கு எந்த மதத்துக்காரருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. உதகையின் பெரிய விழாவான காந்தல் குருசடித் திருவிழா மே 3-ல் வருவதால் பள்ளி நாள்காட்டிக்குள் சிக்குவதே இல்லை. அப்போது கோடை விடுமுறை. ஊரோ சீசன் நெரிசலில் திணறிக்கொண்டிருக்கும்.

இனி விசுவாசம் சார்ந்த எல்லைகளுக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் தொடங்கி நடத்த உரிமை தருகிறது. அதே சட்டத்தின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் எவரையும் அவர் சம்மதமின்றி மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தக் கூடாது என்கிறது. சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெளிவாகவே இருக்கிறது. பள்ளி தன் அடையாளத்தோடு இருக்கலாம். பிள்ளையை இழுக்கக் கூடாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024-ல் தன் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலிலும் இதைச் சொல்லியிருக்கிறது: பிற சமயப் பிள்ளைகள்மேல் கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்க வேண்டாம், காலைக் கூட்டத்தில் அரசியல் சட்ட முகவுரையை வாசிக்கச் செய்யுங்கள். இதைச் சிலர் பயந்து பின்வாங்குவதாகப் பார்த்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நல்ல சிஸ்டர்கள் பல காலமாகச் செய்துவந்ததைத்தான் பேரவை எழுத்தில் வைத்தது.

புதுநன்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் முதல் நற்கருணை. 1910-ல் பத்தாம் பயஸ் அதைச் சுமார் ஏழு வயதுக்கு இறக்கினார். அதிலிருந்து புதுநன்மை தொடக்கப்பள்ளிப் பருவத்து நிகழ்ச்சியாகிவிட்டது. நம் பங்குகளில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மறைக்கல்வி படித்து, வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியுமாக வருவார்கள். இதைப் பள்ளி விழாவாக நடத்தினால் என்ன ஆகும்? ஒரே வகுப்பில் ஏழெட்டுப் பேர் மாலையோடு முன்னால் நிற்க, மற்ற இருபத்தைந்து பேர் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். ‘மிஸ், எனக்கு ஏன் அந்த அப்பம் இல்ல?’ என்று ஒரு குழந்தை கேட்டால் வகுப்பு ஆசிரியை என்ன பதில் சொல்வார்? பதில் உண்டு, ஆனால் எட்டு வயதுக்குப் புரிகிற பதில் இல்லை. அதனால் அது ஞாயிற்றுக்கிழமை, பங்குக் கோயிலில், குடும்பத்தோடு நடக்க வேண்டியது. திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகள் வகுப்புக்கு மிட்டாய் கொண்டுவந்தால் போதும், எல்லாருக்கும் விழா. ஒப்புரவு (பாவ அறிக்கை), பீடச் சிறுவர் பயிற்சி, பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அது கொஞ்சம் கசப்பான கேள்வி. லைன் வீட்டுக் கத்தோலிக்கப் பிள்ளைகள் இந்தப் புதுப் பள்ளியில் எத்தனை பேர்?

பழைய கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, மதிய உணவு உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவானபோது, அது தொடங்கிவைக்கப்பட்டதே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பெயரிலுள்ள தொடக்கப்பள்ளியில்தான். ஆனால் தமிழ்நாட்டில் 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடையாது. எனவே இன்றைக்குத் தொடங்கும் பள்ளி எவ்வளவு நல்லெண்ணத்தோடு தொடங்கினாலும் சுயநிதிப் பள்ளிதான். சம்பளம், வேன் டீசல், கட்டடக் கடன் எல்லாமே கட்டணத்திலிருந்து வர வேண்டும்.

கட்டடம் என்றதும் மலைக்கென்று தனிச் செலவு சேர்ந்துகொள்ளும். மலைப்பகுதியில் கட்டட அனுமதி வாங்குவதே நெடும் பயணம். உயரக் கட்டுப்பாடு இருக்கிறது, சரிவு எவ்வளவு என்று பார்ப்பார்கள், மண்சரிவு அபாயம் பார்ப்பார்கள். கூடலூரில் 1969-ன் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் தீராத பிரிவு 17 நிலப் பிரச்சினை (குத்தகைத் தோட்ட நிலம் யாருக்கு என்ற இழுபறி) இருப்பதால், பட்டா சுத்தமான இடம் கிடைப்பதே அரிது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் மடிந்த பிறகு, கூரை, படிக்கட்டு, தீயணைப்புச் சான்று எல்லாவற்றிலும் கண்டிப்பு கூடியது. கூட வேண்டியதுதான். ஆனால் அந்தச் செலவும் கட்டணத்தில்தான் ஏறுகிறது.

விளைவு என்ன? சொந்தத் தேயிலைத் தோட்டமோ கடையோ அரசு வேலையோ உள்ள குடும்பங்களின் பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளிக்கு வருகிறார்கள். பூசைக்குத் தவறாமல் வரும் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை, காலை உணவும் மதிய உணவும் கிடைக்கும் அரசுப் பள்ளிக்குப் போகிறது. தாயின் கணக்கு தப்பில்லை. அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கட்டணமும் இல்லை. ஆனால் பங்கு ஒரு கூட்டம், பள்ளி இன்னொரு கூட்டம் என்று ஒரே வளாகத்துக்குள் இரண்டு ஊர் உருவாகிவிடுகிறது. இரண்டும் சந்தித்துக்கொள்ளும் இடமாக மிஞ்சியிருப்பவை விழாக்கள் மட்டும்தான். கொடியேற்றத்தன்று, குடில் வாரத்தில், பொங்கல் பானையைச் சுற்றி.

அங்கேயும் ஒரு சுவர் எழும்பிவிடக்கூடும். ஆண்டு விழா உடை வாடகை என்று ஒரு தொகை கேட்பார்கள். பள்ளிக்குள் இருக்கும் ஏழைப் பிள்ளைக்கே அது பாரம். ‘இந்த வருஷம் டான்ஸ்ல சேர வேணாம்டா’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பையன் வயிற்றுவலி என்று ஆசிரியையிடம் சொல்வான். வீட்டிலிருக்கும் துணியில் ஆடக்கூடிய கும்மி, கோலாட்டம், படுகர் நடனம் என்று முடிவெடுத்தாலே இதில் பாதி தீரும். கடையில் வாங்கும் ரெடிமேட் இறக்கைகள் இல்லாமலும் தேவதூதர் வருவார்கள். பெற்றோர் குழுவில் தோட்டத்துப் பங்கு மக்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு, குடில் வேலைக்குப் பங்கின் எல்லாப் பிள்ளைகளையும், அவர்கள் எந்தப் பள்ளியில் படித்தாலும், கூப்பிடலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

சேர்க்கையில் அப்படிச் சொல்லிவிட முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு ஈடுசெய்யும். 2014-ல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மை உரிமையைக் காத்த தீர்ப்பு என்று அதைத் திருச்சபை வரவேற்றது. அதற்குக் காரணங்களும் உண்டு. ஆனால் அதன் மறுபக்கமாக, லைன் வீட்டுப் பிள்ளைக்கு அரசுச் செலவில் இந்த வாசலுக்குள் நுழைய வழியில்லாமல் போனது. பள்ளி தானாகக் கட்டணத்தைக் குறைத்தால்தான் உண்டு. சபைச் சகோதரிகள் பலர் சத்தமில்லாமல் அதைச் செய்கிறார்கள். ஒரு தோட்டத்துக்கு இரண்டு பிள்ளைகள், மூன்று பிள்ளைகள் என்று. அந்த 2014 தீர்ப்பு சரியா என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறது. அது எந்தப் பக்கம் முடிந்தாலும், புதுப் பள்ளி தன் வரவு செலவுத் திட்டத்தில் கட்டணச் சலுகைக்கென்று எத்தனை இடம் ஒதுக்குகிறது என்பதை, குடில் போட்டிக்கு ஒதுக்கும் தொகைக்கு மேலே ஒரு வரியாக எழுதிப் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கலாம்.